மேஜைத்துணி நாள்

அந்த லாண்டரியில் கிழமைகளுக்கு மரியாதை கிடையாது. வெளியே இருப்பவர்கள் திங்கள், செவ்வாய் என்று பெயர் வைத்துக்கொண்டு திரியலாம். உள்ளே, வாசலில் எந்த மூட்டை வந்து இறங்குகிறதோ அதுதான் நாளின் பெயர். ஓட்டல் படுக்கை விரிப்பு வந்தால் விரிப்பு நாள். முடிவெட்டும் கடைகளின் துண்டு வந்தால் துண்டு நாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெள்ளைக் கோட்டு வந்தால் கோட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்பதை லாண்டரிக்காரரும் அவர் மனைவியும் பிறர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

“உங்க அக்கா எப்போ வர்றாங்க?” என்று அவர் கேட்டால், “கோட்டுக்கு மறுநாள்” என்பாள் மனைவி. அவருக்கு அது போதும். கல்யாணமான நாளிலிருந்து இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சலவை இயந்திரம், பாய்லர், வண்டிக்காரர்களோடு வாய்ச்சண்டை, இதெல்லாம் அவர் பங்கு. இஸ்திரியும் மடிப்பும் அவள் பங்கு. அவள் தேய்த்த சட்டையின் கைமடிப்பில் விரலை வைத்தால் கீறிவிடும் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. “அந்த அம்மா தேய்க்கிற கடை” என்றால்தான் ஆட்டோக்காரருக்கே வழி தெரியும்.

அந்தக் கையில் வந்து உட்கார்ந்தது முடக்குவாதம்.

காலையில் எழுந்தால் விரல்கள், கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி விறைத்துக் கிடக்கும். சுடுநீரில் ஊறவைத்து, திட்டி, கெஞ்சி, வெயில் நன்றாக ஏறிய பிறகே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். குழாயைத் திறப்பதும் டப்பா மூடியைத் திருகுவதும் அவர் வேலையாயிற்று. தலை பின்னுவதும்.

“என்ன இது, சடையா தாம்புக்கயிறா?”

“கயித்துக்கு என்ன குறைச்சல்? இறுக்கமா இருக்குல்ல?”

“இருக்கு. கண்ணு ரெண்டும் காது பக்கம் போயிருச்சு.”

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு நாள் அவர் பாய்லரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அவள் ஒரு சட்டையின் காலர் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விரல் நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. கடைசியில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தேய்த்து முடித்த அந்தச் சட்டையைத் தேய்க்காத குவியலுக்குள் செருகிவிட்டாள். அவர் பார்க்காதவர் போலத் திரும்பிப் பாய்லரிடமே போய்விட்டார். பாய்லருக்கு அன்று எந்தக் கோளாறும் இல்லை.

மூட்டுவாத டாக்டர் ஒல்லியான பெண்மணி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கம் உள்ளவர். மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெத்தோட்ரெக்சேட் என்று பெயர்.

“இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நோயே போயிரும் போல,” என்றாள் மனைவி. வீட்டில் அதற்கு ‘மஞ்சளு’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்லா கேட்டுக்கோங்க. இதை தினமும் போடக்கூடாது. வாரத்துல ஒரு நாள். அந்த நாளை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, அப்புறம் எப்பவும் அதே நாள்தான், மாத்தக்கூடாது. தினமும் போட்டா ரத்தமும் கல்லீரலும் கெட்டுப்போயிரும், உயிருக்கே ஆபத்து. நான் சொல்றப்போ ரத்தப் பரிசோதனைக்கு வரணும். குடிக்கக் கூடாது.”

‘தினமும் போடக்கூடாது’ என்பது லாண்டரிக்காரர் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. மாத்திரை டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். அவள் அந்தப் பக்கம் சீப்பு எடுக்கப் போனாலும், “இன்னிக்குப் போட்டாச்சா? நேத்துதானே போட்ட?” என்று பின்னாலேயே போவார். திருடன் முன்வாசலில்தான் வருவான் என்று நம்பி அங்கேயே கட்டிலைப் போட்டுப் படுத்த காவல்காரர் போல இருந்தது அவர் காவல்.

மாத்திரை போடும் நாளை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். “மேஜைத்துணி நாள்,” என்றாள். பெரிய உணவகம் ஒன்றிலிருந்து வரும் மேஜைத்துணியெல்லாம் உருளை இயந்திரத்திலேயே நேராகிவிடும், கைக்கு வேலை குறைவு. மாத்திரை போட்ட மறுநாள் தலை கனத்தாலும் துண்டு மடிக்கிற வேலைதான். யோசனை நல்ல யோசனை. அவரும் தலையாட்டினார்.

மஞ்சளு மெதுவாக வேலை செய்தது. ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டு அவர் போய்ப் பார்த்தார். அவளே திறந்திருந்தாள். பிறகு காலர் பொத்தான் வந்தது. பிறகு இஸ்திரிப் பெட்டி. தலையை அவளே பின்னிக்கொண்டு வந்து நின்றபோது, “பரவாயில்ல, ஆனா என் அளவுக்கு இறுக்கம் இல்ல,” என்றார். அவள் விரல்களை விரித்து அவர் முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாக வலித்தது. நல்ல செய்திதான்.

அந்த நேரத்தில்தான் உணவகக்காரர் மாடியில் விருந்து கூடம் ஒன்று திறந்தார். மேஜைகள் இரட்டிப்பாயின. வாரத்தில் ஒரு தடவை வந்த வண்டி இரண்டு தடவை வர ஆரம்பித்தது. லாண்டரிக்காரர் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். “இனிமே ரெண்டு மேஜைத்துணி நாள்!” என்று மனைவியிடம் பெருமையடித்தார். அவளும் சந்தோஷப்பட்டாள்.

சில வாரம் போனது. அவள் கை பம்பரமாகச் சுழன்றது. அவரால் திறக்க முடியாத ஊறுகாய் பாட்டிலை வாங்கி ஒரே திருகில் திறந்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஒன்றும் சொல்லாததுதான் அவருக்குச் சுட்டது. ஆனால் அவள் சாப்பாட்டை ஆறவைத்து ஆறவைத்துத் தின்றாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. “காத்து மாறிருச்சு,” என்றாள். காற்று மாறினால் முடி உதிருமா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அவள் தினமும் மாத்திரை போடவில்லை. அந்த விஷயத்தில் அவர் காவல் இம்மியும் பிசகவில்லை.

ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் உடனே பார்க்கவேண்டும் என்கிறார்.

செய்தி எப்படியோ மனைவியின் அக்காவுக்குப் போய்விட்டது. லாண்டரிக்காரர் ‘அண்ணி’ என்று கூப்பிடும் அந்த அம்மாள், கூப்பிடாமலே வருவதில் கெட்டிக்காரி. ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தங்கையைப் பார்த்து, “நீ ஒண்ணும் பயப்படாதே,” என்று பயமுறுத்தியபடியே வந்தாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“ரத்தத்துல கல்லீரல் என்சைம் அளவு ரொம்ப ஏறியிருக்கு. வெள்ளை அணு கொஞ்சம் இறங்கியிருக்கு. ஏன்னு கண்டுபிடிக்கணும். குடிக்கிறீங்களா?”

கேட்டது மனைவியை. அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அண்ணியும் பார்த்தாள்.

“கேட்டது அவளை. ரெண்டு பேரும் என்னை ஏன் பாக்கறீங்க?” என்றார் அவர். “நானே நிறுத்தி எவ்வளவோ மாசம் ஆச்சு டாக்டர்.”

“நீங்க ஏன் நிறுத்தினீங்க?”

“நீங்கதானே குடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“அது அவங்களுக்குச் சொன்னது.”

இத்தனை மாதமாக நண்பர்கள் கூப்பிட்டபோதெல்லாம் டாக்டர் உத்தரவு என்று மறுத்தது லாண்டரிக்காரருக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது.

“நிறுத்தினது நல்லதுதான்,” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். “சரி, வேற ஏதாவது நாட்டு மருந்து, பொடி, லேகியம்?”

அண்ணி திடீரென்று மின்விசிறியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

“அக்கா ஒரு வேர்ப்பொடி குடுத்தா டாக்டர். கல்லீரலைக் கழுவுமாம்,” என்றாள் மனைவி. “ஆனா நான் ஒரு வாய் கூடச் சாப்பிடல.”

மின்விசிறியிலிருந்து பார்வை சட்டென்று இறங்கியது. “என்னடி சொல்றே? தீர்ந்து போச்சுன்னு சொன்னியே. நான் ரெண்டாவது டப்பா வாங்கிட்டு வந்தேனே.”

“ரெண்டும் பத்திரமா இருக்கு.”

“மாப்பிள்ளை, பாத்தீங்களா இவளை? கூடப் பிறந்தவகிட்டயே பொய்.”

“சாப்பிடாதது ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றார் டாக்டர். “அதுலயும் சிலது கல்லீரலைக் கெடுக்கும்.” அண்ணிக்குத் தான் குற்றவாளி இல்லை என்று ஆனதில் சந்தோஷப்படுவதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வலி மாத்திரை ஏதாவது கடையில வாங்கிப் போடறீங்களா?”

“வலியே இல்லையே டாக்டர்.” மனைவி இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்து விரலை மடக்கி நீட்டிக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் நகம் காட்டும் பிள்ளையைப் போல.

டாக்டர் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை. பெருமூச்சு விட்டார்.

“கை அருமையா இருக்கு. அதனாலதான் எனக்கு வருத்தமா இருக்கு. மாத்திரையை நிறுத்தணும்மா. உங்க கல்லீரலுக்கு இது ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். வேற மருந்து இருக்கு, பாக்கலாம். ஆனா அது கையை இந்த அளவுக்குக் கொண்டுவருமான்னு இப்போ சொல்ல முடியாது.”

மேஜை மேலிருந்த கைகள் மெல்ல மடிக்குப் போயின.

“டாக்டர்,” என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி, பேரம் பேசுகிறவள் போல. “கல்லீரல் உள்ளதானே இருக்கு. அதை யார் பாக்கப்போறாங்க? கை வெளியில இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்தபோது உதடு நேராக இல்லை. லாண்டரிக்காரருக்குத் தேய்க்காத குவியலுக்குள் செருகிய சட்டை கண்ணில் வந்தது.

“வாயில புண் இருக்கா?” என்றார் டாக்டர்.

“இல்ல.”

“திறங்க.”

திறந்தாள். உள்கன்னம் முழுக்கப் புண். லாண்டரிக்காரர் எட்டிப் பார்த்தார். ஆறவைத்த சாப்பாட்டுக்கு அர்த்தம் புரிந்தது.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா மாத்திரையை நிறுத்திருவீங்களே.”

டாக்டர் தாளைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “இது மருந்து கூடிப்போன வாய் மாதிரி இருக்கு. தினமும் போடலையே?”

“சத்தியமா இல்ல டாக்டர்,” என்று லாண்டரிக்காரர் முந்திக்கொண்டார். “அதுக்கு நான் பொறுப்பு. டப்பாவை விட்டு நான் கண்ணை எடுக்கறதில்ல.”

“சரி. எந்த நாள் போடறீங்க?”

“மேஜைத்துணி அன்னிக்கு,” என்றாள் மனைவி.

“என்னது?”

“மேஜைத்துணி வர்ற அன்னிக்கு டாக்டர். காலையில வண்டி வந்து இறக்கினதும் போட்டுருவேன்.”

“அது என்ன கிழமை?”

“கிழமையெல்லாம் இவரைக் கேளுங்க. வண்டிக்காரங்ககிட்ட பேசறவர் அவர்தான்.”

தன் அறிவுக்கு ஒரு வேலை வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. மோவாயைத் தடவினார். “மேஜைத்துணி… செவ்வாய்க்கிழமை டாக்டர்.”

“அது ஒண்ணுதானா?” என்றாள் மனைவி. “மாடிக் கூடத்துத் துணி?”

“ஆமாமா, வெள்ளியும். இப்போ ஆர்டர் கூடிருச்சு டாக்டர், வாரத்துக்கு ரெண்டு தடவை…”

பெட்ரோல் தீர்ந்த வண்டி போல அந்த வாக்கியம் நடுரோட்டில் நின்றது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டு நாளும் போட்டீங்களா?”

“நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, எப்பவும் அதே நாள், மாத்தக்கூடாதுன்னு,” என்றாள் அவள், முதல் மதிப்பெண் வாங்கியவளின் குரலில். “ரெண்டாவது வண்டி வர ஆரம்பிச்சப்புறம்கூட மறந்ததில்ல. ஒரு மேஜைத்துணி நாளைக்கூட நான் விடல.”

அண்ணி முதலில் புரிந்துகொண்டு, “அடிப்பாவி,” என்றாள். பிறகு லாண்டரிக்காரருக்குப் புரிந்தது. கடைசியாகத்தான் அவளுக்கு. பெருமை முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“அப்போ வாரத்துக்கு ரெண்டு மடங்கா போச்சு,” என்றாள் மெதுவாக.

“ரெண்டு மடங்கு,” என்றார் டாக்டர். “சிரிக்கிற விஷயம் இல்லம்மா. இந்தத் தப்புல ஆளே போயிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா வெள்ளை அணு முழுசா இறங்கியிருக்கும், ஒரு சளிக்காய்ச்சலே போதும்.” அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் இளகியது. “ஆனா ஒண்ணு. உங்க கல்லீரல் மேல நான் அவசரப்பட்டுப் பழி போட்டுட்டேன். ரெண்டு மடங்கை யார் கல்லீரலும் தாங்காது. இப்போ நிறுத்துவோம். மருந்தோட வேகத்தை முறிக்க வேற மாத்திரை தர்றேன். இந்த வாரமே மறுபடி ரத்தம் பாக்கணும். எல்லாம் பழையபடி இறங்கி வந்துச்சுன்னா, இதே மஞ்சள் மாத்திரையைச் சரியான அளவுல திரும்ப ஆரம்பிக்கலாம்.”

“இறங்கலைன்னா?”

“அப்போ இந்த மருந்து உங்களுக்கு இல்ல.”

திரும்பும் வழியில் ஆட்டோவில் அண்ணி ஆரம்பித்தாள். “இதுக்குத்தான் பெரியவங்க சொன்னாங்க, அளவுக்கு மிஞ்சினா—”

“அக்கா, அந்தப் பழமொழியை நீ முடிச்சேன்னா நான் ஓடற ஆட்டோவிலேயே இறங்கிருவேன்.”

அண்ணி பாதியிலேயே விழுங்கிக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் அந்தப் பழமொழி பலர் வாய்க்கு வந்தது. மேஜைத்துணி வண்டிக்காரர் வாசலிலேயே ‘அளவுக்கு’ வரை வந்துவிட்டார். லாண்டரிக்காரருக்கே ஒரு நாள் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். அது வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மாத்திரை நின்றது. வாய்ப்புண் ஆறியது. முதல் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு மேலே வந்திருந்தது. கல்லீரல் அளவு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பொறுங்கள் என்றார் டாக்டர். வாய் ஆறிய வேகத்துக்குக் கை விறைக்கத் தொடங்கியது. குழாய் மறுபடி அவர் வேலையாயிற்று. தாம்புக்கயிறும் திரும்பி வந்தது.

இஸ்திரிப் பெட்டி அவர் கைக்கு வந்தது. அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினாள்.

“காலரை வெளியிலிருந்து உள்ள தேய்க்கணும்.”

“உள்ள இருந்து வெளியில தேய்ச்சா என்ன ஆகும்?”

“இப்போ ஆயிருக்கே, அதான் ஆகும்.”

சட்டையைத் தூக்கிப் பார்த்தார். காலர் நாய் காது மாதிரி தொங்கியது.

“இந்தச் சட்டைக்காரர் ஆபீஸ்ல பெரிய ஆளுங்க. இதைப் போட்டுட்டுப் போனா கீழ இருக்கறவன்கூட வணக்கம் சொல்லமாட்டான்.”

“வணக்கம் சட்டைக்கா சொல்றான்?”

“பின்ன, அவர் மூஞ்சிக்கா சொல்றான்?”

அவர் சிரிப்பு தாங்காமல் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்த வாரங்களில்தான் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டார்கள். பாய்லர் பக்கம் ஒருவரும் இஸ்திரி மேஜை பக்கம் ஒருவருமாகக் கழிந்த வாழ்க்கையில், ஒரே சட்டையை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அப்போதுதான். எத்தனையோ வருஷம் கழித்து அவள் போனது இந்தக் கையாலும் இல்லை, இந்தக் கல்லீரலாலும் இல்லை. அது வேறு கதை, அதை இங்கே இழுக்கவேண்டாம். அவருக்கு அவள் குரல் நன்றாக நினைவிருப்பது மட்டும் அந்த முக்காலியிலிருந்துதான்.

ஒரு மத்தியானம், துணி எல்லாம் முடிந்து, அவள் விறைத்த விரல்களைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “நாளைக்கு டெஸ்ட்ல என் கல்லீரல் என்ன சொல்லும்?”

“நல்லபடியாத்தான் சொல்லும்.”

“எப்படித் தெரியும்?”

“இத்தனை வருஷம் என்னையே தாங்கிருக்கு. ஒரு மாத்திரையைத் தாங்காதா?”

அவள் சுடுநீரை அவர் மேல் தெளித்தாள். அவ்வளவு தூரம் தெளிக்கக்கூட அன்று விரலில் பலம் இல்லை. பாதித் தண்ணீர் அவள் மடியிலேயே விழுந்தது. அவர் துண்டை எடுத்து வந்து துடைத்துவிட்டார்.

தாளைப் பார்த்த டாக்டர் இந்த முறை பேனாவைக் கையில் எடுத்தார். கல்லீரல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மஞ்சளு திரும்பலாம். முதலில் குறைந்த அளவில், பிறகு பார்த்துப் பார்த்து.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். லாண்டரிக்காரருக்குத்தான் மூக்கு சிந்தவேண்டியிருந்தது.

“ஆனா நாளை இந்தத் தடவை நான்தான் முடிவு பண்ணுவேன்,” என்றார் டாக்டர். “புதன்கிழமை. துணி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஊரே தீப்பிடிச்சாலும் புதன்.” சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார்.

மனைவி மெல்லக் கணவன் பக்கம் சாய்ந்தாள். “புதன்கிழமை நமக்கு என்ன மூட்டை வரும்?”

“சொல்லமாட்டேன்,” என்றார் அவர்.

“சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

“செத்தாலும் சொல்லமாட்டேன்.”

டாக்டர் அவருக்கு அங்கேயே கை கொடுத்தார்.

அதன்பிறகு லாண்டரிக்காரர் கிழமை தெரிந்த மனிதரானார். எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் என்ன கிழமை என்று பார்த்து உரக்கச் சொல்வார். அண்ணி வந்தால் அண்ணியிடமும் சொல்வார். “தெரியும் மாப்பிள்ளை, எங்க வீட்டுலயும் அதே கிழமைதான்,” என்பாள் அண்ணி.

மஞ்சளு முன்பு போலவே மெதுவாக வந்தது. வாரங்கள் போயின. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவர் காலரை வெளியிலிருந்து உள்ளே தேய்க்கக் கற்றுக்கொண்டார். மடிப்புக்கூட ஓரளவு கை வந்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. அன்று காலை வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்து அடுக்கிவிட்டு, அடுக்கின் அழகைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைத் தானே முடிந்துகொண்டு உள்ளே வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை.

“நகருங்க.”

நகர்ந்தார். அவள் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டுவிரல் கொஞ்சம் யோசித்தது, பிறகு அதுவும் மடங்கியது. பெட்டியைத் தூக்கினாள். கீழே வைத்தாள். மறுபடி தூக்கினாள்.

பிறகு அவர் அழகாக அடுக்கிவைத்த குவியலின் மேல் கோட்டை எடுத்து உதறி, மேஜையில் விரித்து, தண்ணீரைத் தெளித்தாள். தண்ணீர் கோட்டின் மறுகோடி வரைக்கும் போய் விழுந்தது. அதைத் தேய்த்து மடித்துத் தனியாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

“அது நான் தேய்ச்சு முடிச்சது.”

“தெரியுது.”

“எல்லாத்தையுமா திரும்பத் தேய்க்கப் போறே?”

“எல்லாத்தையும்,” என்றாள். “தண்ணி தீர்ந்துருச்சு, கொண்டு வாங்க.”

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினார்.